இடது காது

செம்பனை ஆலையின் எடைமேடையில் எனக்கு இரவு வேலை.
லோரி ஏறும். எண் ஓடும், நிற்கும்.
சீட்டைக் கிழித்துக் கொடுப்பேன்.
அடுத்த லோரி வரும்வரை
சில நாள் ஐந்து நிமிடம்,
மழை என்றால் ஒரு மணி நேரம்.

மழையில்தான் அது வந்தது.
கேட்டுக்கொண்டிருந்த பாட்டு முடிந்து
கைப்பேசி தானாக எதையோ எடுத்து ஓட்டியது.
நான் நிறுத்தவில்லை.
கையெல்லாம் பிசாங் கோரெங் எண்ணெய்.

நான்கு நிமிடமாகியும் யாரும் பாடவில்லை.
தகரத்தில் காற்று உரசுவதுபோல் ஏதோ.
பிறகு ஒரு கித்தார்,
இருட்டில் படியிறங்குகிறவன் மாதிரி
ஓரிடத்தில் இடறி,
திரும்பி வந்து அதே இடத்தில் இடறி,
இடறுவதையே நடையாக்கிக்கொண்டது.
மேசையில் விரல் தட்டி எண்ணிப்பார்த்தேன். ஏழு.
எட்டு வரவேண்டிய இடத்தில்
மறுபடி ஒன்று.

கையைத் துடைத்துவிட்டுத் திரையைப் பார்த்தேன்.
இருபத்திரண்டு நிமிடம்.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்று.
என் அம்மாவே பிறக்காத வருடம்.

தம்பி கிஷேந்திரன் சாப்பாடு கொண்டுவந்தவன்
ஸ்பீக்கரில் கொஞ்சம் கேட்டான்.
"பாட்டு எப்பக்கா ஆரம்பிக்கும்?"
ஆரம்பிச்சுப் பதினோரு நிமிஷம் ஆச்சுடா.
அவன் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

இயர்போனில் வலது பக்கம் செத்து மூன்று மாதம்.
லோரி ஹார்ன் கேட்க ஒரு காது வேண்டும்தானே என்று
மாற்றாமல் இருந்தேன்.
அப்படியே இரண்டு மாதம், தினமும் அந்தப் பாட்டு.
ஒரே மூச்சில் முழுதாகக் கேட்டது ஏழெட்டுத் தடவைதான்,
மற்றதெல்லாம் துண்டு துண்டாக,
மொத்த எடைக்கும் வெறும் எடைக்கும் நடுவில்.

எனக்குப் பிடித்தது பதினான்காவது நிமிடம்.
எல்லாம் சட்டென்று நின்றுவிடும்.
ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக,
ஒன்றுமே இல்லை.
அந்த ஒன்றுமில்லாததில்
கொதிகலன் பெருமூச்சு விடும்.
வேகும் குலைகளின் புளித்த வாடை வரும்.
வடிகாலில் தவளைகள் கணக்குத் தப்பிக் கத்தும்.
இருபத்திரண்டு நிமிடம் கட்டியெழுப்பிவிட்டு
நடுவில் ஒரு வாசலைத் திறந்தே விட
எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று
தூக்கக் கலக்கத்தில் நினைப்பேன்.

பகாவ் பாசார் மாலாமில் பன்னிரண்டு ரிங்கிட்டுக்கு
புது இயர்போன் வாங்கினேன்.
அன்றிரவு பதினான்காவது நிமிடம்.
இடது காதில் வாசல் திறந்தது.
வலது காதில்
ஓர் ஆர்கன்
தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தது.
அங்கேயே இருந்திருக்கிறது,
ஐம்பது வருடமாக.
கல்யாண வீட்டில் கொல்லைப்புறம் நின்றுகொண்டு
என்ன அமைதியான வீடு என்று
ஒருத்தி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

சிரிப்பு வந்தது. கோபமும்.
"சாக்கிட்கா?" என்று ஆ ஹோங் கண்ணாடியைத் தட்டினார்.
சீட்டில் தேதியை மாற்றி எழுதியிருந்தேன்.

பிறகு கைப்பேசி புதியவர்களையும் கொண்டுவந்தது.
போலந்தில் ஓர் ஊர், பெயர் வாயில் நுழையவில்லை.
போன வருடம் வெளியிட்டது.
டிரம் அடிக்கிறவளுக்கு என் வயது இருக்கும்.
பதினொன்று எண்ணுகிறாள்,
நடுவில் ஐந்தை ஒளித்துவைத்து.
அவளும் எங்கோ ஒரு வேலைநேரத்தில்
அந்த ஏழில் இடறி விழுந்தவளாகத்தான் இருக்கவேண்டும்.
ஒன்பதாவது நிமிடத்தில் அவர்களும் நிறுத்துகிறார்கள்.
நம்பவில்லை நான்.
இடதைக் கழற்றிக் கேட்டேன். வலதைக் கழற்றிக் கேட்டேன்.
நிஜமாகவே யாரும் இல்லை.

ஆனாலும் சில இரவு
பழையதைப் போட்டு, பதினான்கு நெருங்கும்போது
வலதை மட்டும் எடுத்துவிடுகிறேன்.
ஆர்கன்காரன் மன்னிக்கட்டும்.
கொதிகலன் தன் முறைக்கு வருகிறது. தவளைகள்.
தூரத்தில் மண்சாலையில்
ஆ ஹோங்கின் லோரி, ஏழில் சேராத ஒரு குலுக்கலுடன்,
மேடையில் ஏற,
எண் ஓடுகிறது, ஓடுகிறது,
இன்னும் நிற்கவில்லை.